நோயின் வேரைத் தேடியவர்

இராமலிங்கசுவாமி என்னும் பெயரைக் கேட்டவுடன் அவரைத் தமிழர் என்றே எண்ணத் தோன்றும். ஆனால், மருத்துவ அறிஞர் வுலிமிரி இராமலிங்கசுவாமி தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீகாகுளத்தில், 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் அவர் பிறந்தார். விசாகப்பட்டினத்திலுள்ள ஆந்திர மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1944இல் மருத்துவப் பட்டமும் 1946இல் மேற்பட்டமும் பெற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 1951இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் தேர்ந்துகொண்ட துறை நோய்க்குறியியல். நோயுற்ற உறுப்பிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து ஆராய்வது இத்துறையினரின் பணி. நோயாளியின் முகத்தைக் காணும் வாய்ப்புக்கூட இவர்களுக்கு அரிதாகவே கிட்டும். இராமலிங்கசுவாமியோ அத்திசுவுக்கு உரியவர் என்ன உண்டார், எந்த நீரைப் பருகினார், எத்தகைய மண்ணில் வாழ்ந்தார் என்பனவற்றையும் அறிய விரும்பினார். அவருடைய ஆராய்ச்சிகளுக்குச் சிறப்பைத் தந்தது இவ்விருப்பமே.

தமிழ்நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. நீலகிரி மலைமேல் குன்னூரில் அக்காலத்தில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் அவர் பணியாற்றினார். போதிய புரதம் கிடைக்காத ஏழைக் குழந்தைகளுக்குக் கால்கள் வீங்கின. தலைமயிர் நிறம் மங்கியது. கல்லீரல் கொழுப்பு நிறைந்து பெருத்தது. இந்நோய் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1957இல் அவர் தில்லிக்கு அருங்கொடையாய் அமைந்த எய்ம்ஸ் நிறுவனத்தில் நோய்க்குறியியல் பேராசிரியரானார். நிறுவனம் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அங்கே ரீசஸ் குரங்குகளுக்குப் புரதம் குறைந்த உணவை அளித்து, அவற்றின் உறுப்புகளில் நேரும் மாற்றங்களைத் தம் குழுவினருடன் ஆராய்ந்தார். குழந்தைகளிடம் கண்டது போலவே குரங்குகளின் கல்லீரலிலும் கொழுப்புப் படிந்தது. சிறுகுடலின் உட்பரப்பிலுள்ள உயிரணுக்கள் நாள்தோறும் உதிர்ந்து புதிதாகத் தோன்றுபவை. புரதக் குறை அவற்றின் வளர்ச்சியையும் பாதிப்பதை அவர்கள் ஆராய்ந்து காட்டினர். உண்ட உணவைச் செரித்து உறிஞ்ச வேண்டிய குடலே உணவின்றித் தளருமானால், பின்னர் கிடைக்கும் சிறிதளவு உணவும் உடலுக்கு எவ்வாறு பயன்படும்?

மற்றொரு நோயும் அவர் கவனத்தை ஈர்த்தது. மண்ணீரல் பெருத்து, திடீரெனக் குருதியை வாந்தியெடுக்கும் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தனர். கல்லீரல் சுருங்கி இறுகும் நோயே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்பட்டது. ஆனால், பலருடைய கல்லீரல் அவ்வாறு இறுகியிருக்கவில்லை. குடலிலிருந்து கல்லீரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் சிரையின் கிளைகளே தடித்து அடைபட்டிருந்தன. இதனை அவரும் நாயக் என்னும் அறிஞரும் 1969இல் விளக்கி எழுதினர். கல்லீரல் பெரிதும் கெடாத நோயாளிக்கு, குருதிக் கசிவைத் தடுத்துவிட்டால் நெடுநாள் வாழும் வாய்ப்பு உண்டு. ஆதலால் இவ்வேறுபாட்டை அறிவது உயிர் காக்கும் செயலாயிற்று.

காங்கிரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலையால் வருந்திய மக்களுக்கு அயோடின் கலந்த உப்பை வழங்கி, அந்நோய் குறைவதைப் பல்லாண்டு ஆராய்ந்து காட்டியதே அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. எனினும், தில்லியில் வாழ்வோர் மறக்கக் கூடாத செய்தி வேறொன்று உண்டு.

அவர் எய்ம்ஸில் சேர்வதற்கு ஈராண்டு முன்பு, 1955இன் இறுதியில், யமுனையில் வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நஜப்கர் வடிகாலின் கழிவுநீர் பின்னோக்கிப் பாய்ந்து, வஜீராபாத்தில் நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. நீரில் குளோரின் மிகுதியாகக் கலக்கப்பட்டது. அதனால் நச்சுக்காய்ச்சல் போன்றவை பெருகவில்லை. ஆனால் மஞ்சள் காமாலை பரவியது. ஏறத்தாழ 29,300 பேர் அதற்கு ஆளாயினர் என மதிப்பிடப்பட்டது. கருவுற்ற பெண்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. இதற்குக் காரணமான கிருமியை அறிய அன்று வழியில்லை.

இராமலிங்கசுவாமி 1969 முதல் 1979 வரை எய்ம்ஸின் இயக்குநராகவும், அதன்பின் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். 1980இல், அக்கழகத்தைச் சார்ந்த புனே நச்சுயிரியல் நிறுவன அறிஞர்களும் அமெரிக்க அறிஞர் இராபர்ட் பர்செலும், பாதுகாக்கப்பட்டிருந்த பழைய தில்லி நோயாளிகளின் குருதிநீரைச் சோதித்தனர். அன்று அறியப்பட்டிருந்த ஏ வகையும் பி வகையும் அந்நோய்க்குக் காரணம் அல்ல என்பது தெரிந்தது. நீர்வழிப் பரவும் இப்புதிய காமாலையைப் பற்றி 1988இல் பர்செலும் இராமலிங்கசுவாமியும் சேர்ந்து லான்செட் இதழில் எழுதினர். அந்நச்சுயிரியே இன்று ஈ வகை என வழங்கப்படுகிறது.

இராமலிங்கசுவாமி 2001ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் மறைந்தார்.