துன்பத்தில் வந்த தோழர்

அர்ச்சியசிஷ்ட தேவசகாயம் பிள்ளையின் சரித்திரம் உங்களுக்குப் புதிதல்ல. அவர் சிந்திய இரத்தத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அவருக்கு விசுவாசம் யார் மூலமாய் வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

1712-ம் வருஷம் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். கெளரவத்துக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் நஷ்டத்தின் மேல் நஷ்டம். ஆடுமாடுகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. மனிதர் முகம் வாடிப்போனார்.

அந்த வாட்டத்தைக் கவனித்தவர் டிலனாய் என்ற கத்தோலிக்கர். 1741-ல் குளச்சல் யுத்தத்தில் ஒல்லாந்தர் தோற்றபோது மகாராஜாவிடம் பிடிபட்டு, பின்பு அவருடைய சேனையைப் பழக்கியவர். அவர் வேதசாஸ்திரி அல்ல, போர்ச்சேவகர்தான். நண்பனுடைய துக்கத்தைக் கண்டு சும்மா இருக்க மனம் வராமல், எல்லாவற்றையும் இழந்தும் சர்வேசுரனை இழக்காத யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். அதற்குமேல் தன்னால் ஆகாது என்று கண்டு, வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் அனுப்பிவைத்தார். 1745-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்னும் பெயரின் பொருளாகிய தேவசகாயம் என்ற நாமத்தை அடைந்தார். மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ ஆனாள்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். பெரிய ஜாதிக்காரரான அவர், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களோடு சகோதரராய்ப் பழகினார். பலருக்குப் பொறுக்காதது இதுதான். (இதே வடக்கன்குளத்துக் கோவிலில் பின்னாளில் ஜாதிக்கொரு பக்கமாய்ச் சுவர் எழுந்து, 1910-ல்தான் இடிக்கப்பட்டது. வெட்கம்தான், ஆனாலும் மறைப்பதற்கில்லை.)

1749-ல் அவரைப் பிடித்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துப்போய் அடித்தார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்காய்க் கட்டிவைத்தார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்! அவரைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள், ஜெபம் கேட்டார்கள், தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஆறுதல் பெற்றுத் திரும்பினார்கள். கட்டுண்டவருக்கும் அது பலமாயிருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று வருஷம் தனியே தாங்குவது லேசா?

கூட்டம் பெருகியதைக் கண்டு அதிகாரிகள் கலங்கினார்கள். ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய், 1752 ஜனவரி 14-ந் தேதி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சரீரத்தைக் காட்டில் எறிந்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து, பயத்தையும் பாராமல் கிறிஸ்தவர்கள் மலையேறிப் போய், மிஞ்சிய எலும்புகளைத் தேடிப் பொறுக்கி, கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். டிலனாய் 1777-ல் இறந்தார்; உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. 2022 மே 15-ந் தேதி ரோமையில் தேவசகாயம் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றார். அந்த எலும்புகளைச் சுமந்து வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.