ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

ரசாயன சாஸ்திரம் பயிலும் மாணாக்கர் முதற்கண் அறிவது அமிலம், காரம் என்னும் இருவகைப் பொருள்களின் இயல்பேயாம். நீல லிட்மஸ் தாள் அமிலத்திற் சிவப்பதையும், சிவந்தது காரத்தில் மீண்டும் நீலமாவதையும் கண்ணாற் கண்ட பின்னரே ஏட்டிலுள்ள இலக்கணம் நெஞ்சிற் பதிகின்றது. கையாற் செய்து கற்கும் இம்முறைக்குத் தம் வாழ்நாளையே சான்றாக்கியவர் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் அவர்கள்.

அவர் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், இப்போது வங்காளதேசத்திலுள்ள ராருளி என்னும் ஊரிற் பிறந்தனர். கல்கத்தாவில் மெட்ரோபாலிடன் கல்லூரியிற் படிக்குங்கால், பிரசிடென்சி கல்லூரியில் பெட்லர் என்னும் ஆசிரியர் செய்துகாட்டிய சோதனைகளைக் கண்டு வியந்தனர். கண்டதோடு அமையாது, உடன் பயின்ற தோழரது விடுதியறையிற் சிறியதொரு சோதனைச்சாலை அமைத்தனர். அங்கே தகரத்தாற் செய்த கருவியொன்று ஒருநாள் பெருமுழக்கத்துடன் வெடித்தது. உயிர் தப்பியது வியப்பே. ஆயினும் ஊக்கம் தணிந்திலது. 1882இல் கில்கிரைஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவுக்குச் சென்று, 1887இல் டாக்டர் பட்டம் பெற்றனர். 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியராயினர்.

அக்காலத்தில் நம் நாட்டு எலும்பு கப்பலேறிச் சென்றது. மருந்துக்குரிய பாஸ்பேட் உப்போ கப்பலேறி வந்தது. இதனைப் பொறாத ராய் அவர்கள், கசாப்புக்கடை எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கித் தம் வீட்டு மேன்மாடத்தில் உலர்த்தினர். எதிர்பாராது பெய்த மழையில் அவற்றிலிருந்த ஊன் அழுகி நாறிற்று. காக்கைகள் எலும்புகளைக் கவ்விச் சென்று அயல்வீடுகளில் இட்டன, அயலார் சினந்தனர். பின்னர் அவற்றை வேறோரிடத்துக்கு அகற்றி இரவில் எரித்தபோது, கொலையுண்ட பிணத்தை மறைக்கின்றனரோ என ஐயுற்றுக் காவலன் ஒருவன் வந்தனன் என்பர்.

எஞ்சிய சாம்பலிற் கந்தகத் திராவகத்தை வார்த்து, அதனாலுண்டான புளிப்பைச் சோடாவென்னும் காரத்தாற் றணித்து, சோடியம் பாஸ்பேட் என்னும் உப்பை எடுத்தனர். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட பள்ளத்தாக்கிலேபோல, இங்கும் உலர்ந்த எலும்புகள் பயனுயிர் பெற்றன.

1892இல் ஏறத்தாழ 700 ரூபாய் முதலுடன் பெங்கால் கெமிக்கல் என்னும் தொழிற்சாலை தோன்றிற்று. அதன் பொருட்டு அவர் இழந்தவை சில அல்ல. உடனுழைத்த சதீஷ் சந்திர சின்ஹா, சோதனைச்சாலையில் ஹைட்ரோசயனிக் அமிலத்தின் நஞ்சால் மாண்டனர். உற்ற துணைவராகிய டாக்டர் அமுல்ய சரண் போஸ் 1898இற் பிளேக் நோய்க்கு இரையாயினர். இத்துயரங்களுக்கிடையேயும் ராய் அவர்கள் மேற்கொண்ட பணியைக் கைவிட்டிலர். 1901இல் அது கூட்டுக் கம்பெனியாக வளர்ந்தது.

பெரும்புகழ் எய்திய பின்னரும் தொடக்க வகுப்பு மாணாக்கருக்குக் கற்பிப்பதையே அவர் விரும்பினர். வகுப்பிலே எலும்புத் துண்டொன்றை எரித்து, அச்சாம்பலிற் சிறிது தம் வாயிலிட்டுக் காட்டுவர். தீயிற் புடம்பட்ட பின் அது தூய கால்சியம் பாஸ்பேட்டேயன்றி, இன்ன விலங்கின் எலும்பு என்னும் வேறுபாடு அதற்கில்லை. எலும்பைத் தீண்டுதலே தீட்டென்று கருதிய குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்க்கு, எந்த நூலும் இதனினும் தெளிவாக உணர்த்தியிராது.

அறுபதாம் வயதுக்குப் பின் தமக்குரிய சம்பளத்தைச் சர்வகலாசாலைக்கே அளித்துவிட்டு, விஞ்ஞானக் கல்லூரியில் ஓரறையிலே எளிமையாக வாழ்ந்தனர். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவ்விடத்தே உயிர் நீத்தனர். பரீட்சைக்காக மட்டும் சோதனைக்குழாயைக் கையிலெடுக்கும் நாம், அதில் ஒரு நாட்டின் தேவையையே கண்ட இவ்வாசாரியரை நினைவிற் கொள்வோமாக.