மார்ஷல் வார்டும் இலங்கைக் காப்பியும்

ஒரு நாட்டின் செல்வம் பகைவரின் படையெடுப்பினால் மட்டுமே அழிவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சணம் ஒன்றினாலும் அழிந்துவிடக் கூடும். இவ்வுண்மையை ஐயந்திரிபற விளக்கிய தாவர சாஸ்திர நிபுணர் ஹாரி மார்ஷல் வார்டின் சரித்திரம், விவசாயத்தை நம்பி வாழும் நம்மவர் அனைவரும் அறியத்தக்கது.

வார்ட் 1854-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்றார். அந்நாளில் இலங்கையின் பெருஞ்செல்வம் காப்பியே. மலைக்காடுகளை அழித்து இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் அதனைப் பயிரிட்டிருந்தனர். அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழைத் தொழிலாளர்.

1869-ம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டங்களில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்தது, இலைகள் உதிர்ந்தன. பேராதனைப் பூங்காவின் தலைவர் த்வெயிட்ஸ் அனுப்பிய இலைகளைச் சோதித்த பெர்க்லி பாதிரியார், இது புதியதொரு பூஞ்சணம் என அவ்வாண்டிலேயே வெளியிட்டார். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆயினும், அதனை ஆராய்வதற்கென்றே வார்டைச் சர்க்கார் வரவழைத்தது பத்தாண்டுகள் கழிந்த பின்னரே.

1880-ம் ஆண்டில் இலங்கை சேர்ந்த அவ்விளைஞர் இரண்டாண்டுகள் அயராது உழைத்தார். கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்து வரும் நோய் வித்துக்களைப் பிடித்தார். இலையில் தங்கிய நீர்த்துளியில் அவ்வித்து முளைத்து, சுவாசத் துவாரத்தின் வழியே உள்ளே புகுகிறதென்று காட்டினார். உட்புகுந்த பின்னர் மேலே தூவும் மருந்தினால் பயனில்லை. புகுமுன் தடுப்பதே வழி. இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக வளர்த்ததே நோய் பரவ வாய்ப்பளித்ததென்றும் அவர் எடுத்துரைத்தார்.

முதலாளிகள் விரும்பியதோ உடனே தீர்க்கும் ஒரு மருந்து. அதனை அவரால் அளிக்க இயலவில்லை. பொய் நம்பிக்கை ஊட்டவும் அவர் முற்படவில்லை. பூஞ்சண நோய்களைத் தடுக்கும் போர்டோக் கலவை பிரான்சில் வெளிப்பட்டது 1885-ம் ஆண்டில். அதற்குள் இலங்கைக் காப்பி நிலைகுலைந்துவிட்டது. முதல் உள்ளவர்கள் தேயிலைக்கு மாறினர். கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளருக்கோ கூலி பாக்கியும் பட்டினியுமே மிஞ்சின.

தாயகம் திரும்பிய வார்ட், 1895-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரப் பேராசிரியரானார். 1906-ம் ஆண்டில் காலமானார். இந்தியாவில் பயிர்ப் பூச்சிகளும் நோய்களும் நுழையாவண்ணம் தடுக்கும் சட்டம் 1914-ம் ஆண்டில் பிறந்தது. காப்பியின் துருநோயோ கடல் கடந்து 1970-ம் ஆண்டில் பிரேசிலிலும் காணப்பட்டது.

துறைமுகத்தில் சோதனை, வயலில் இடையறாத கண்காணிப்பு, முதற்குறி கண்டவுடன் நடவடிக்கை ஆகிய மூன்றும் சர்க்காரின் நீங்காக் கடமைகளாகும். இவற்றில் நேரும் தாமதத்தின் விலையை முதலில் செலுத்துபவன் உழைப்பாளியே என்பதை நாம் மறத்தலாகாது.