பைண்டிங் கடைப் பையன்

எலக்ட்ரிக்கல் பிரிவுக்காரன் எழுதுகிறான் என்றதுமே யாரைப் பற்றி என்று பாதிப் பேர் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், மைக்கேல் ஃபாரடேதான். பயப்படாதீர்கள், ஃபாரடே விதியை மறுபடி நடத்தப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு நாம் எழுதிய பதில் நமக்கும் பேப்பர் திருத்தியவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருக்கட்டும்! நான் சொல்ல வந்தது, அந்த மனுஷனுக்கு இருபத்தொரு வயதில் வந்த ஒரு குழப்பத்தைப் பற்றி. பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் நம் வீட்டுத் திண்ணையில் நடந்த பட்டிமன்றத்துக்கும் அதற்கும் கொஞ்சம் உறவு உண்டு.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். உடம்பு சரியில்லாத மனிதர், பல நாள் பட்டறைக்கே போக முடியாது. தானிய விலை ஏறிக் கிடந்த 1801-இல் பையனுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார்களாம். படிப்பு என்றால் எழுத, படிக்க, கூட்டிக் கழிக்கத் தெரிந்த அளவோடு சரி. பதின்மூன்று வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. செய்தித்தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவர்கள் படித்து முடித்ததும் திரும்ப வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பையன் ஒழுங்காக இருந்ததால் மறுவருஷம், 1805-இல், பணம் எதுவும் வாங்காமலே ஏழு வருஷ அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார் ரீபோ. தொழில்: புத்தக பைண்டிங்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தை நம்மாளு சும்மா தைத்துக் கொடுக்கவில்லை, படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று கையில் சிக்கியது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம் இன்னொன்று. அதில் சொன்னதெல்லாம் உண்மையா என்று பார்க்கக் கைக்காசில் சின்னச் சின்னப் பொருள்கள் வாங்கிச் சோதனை செய்தார். கண்ணாடியை வைத்து நிலைமின் பொறி ஒன்றும் செய்தார். டாட்டம் என்பவர் மாலை நேரத்தில் அறிவியல் வகுப்பு நடத்துகிறார் என்று தெரிந்தது. கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர்தான். ஃபாரடே என்ற பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அண்ணனை யாருக்குத் தெரியும்? நம்மில் பலருடைய செமஸ்டர் பீஸுக்குப் பின்னாலும் இப்படி ஓர் அண்ணனோ அக்காவோ உண்டு அல்லவா, அதனால்தான் சொல்கிறேன்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அன்றைக்கு டேவி பேசுகிறார் என்றால் லண்டன் பெரிய மனிதர்கள் எல்லாம் ஆஜர். ஃபாரடே மேலே கேலரியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், வீட்டில் போய்ப் படங்களோடு விரித்து எழுதினார், தன் கையாலேயே அழகாக பைண்ட் செய்தார்.

இங்கேதான் சிக்கல். அந்த அக்டோபரில் அப்ரண்டிஸ் காலம் முடிந்து, டி லா ரோஷ் என்ற வேறொரு பைண்டரிடம் கூலி ஆளாகச் சேர்ந்தார். முதலாளி கோபக்காரர். ஆனால் தனக்குப் பிள்ளை இல்லை, கூடவே இருந்தால் கடை முழுவதும் உனக்குத்தான் என்றும் சொன்னதாகச் செய்தி. யோசித்துப் பாருங்கள். அப்பா 1810-லேயே போய்விட்டார், அம்மா வாடகைக்கு ஆள் வைத்துக் குடும்பம் நடத்துகிறார். கையில் நல்ல தொழில், எதிரே சொந்தக் கடை. இன்னொரு பக்கம் அறிவியல்: பட்டம் கிடையாது, சிபாரிசு கிடையாது, வேலைக்கே உத்தரவாதம் கிடையாது. நம் சொந்தக்காரர்களைக் கேட்டால் ஒரே குரலில் கடையைப் பிடித்துக்கொள் என்பார்கள். அதைத் தப்பென்றும் சொல்ல மாட்டேன்.

ராயல் சொசைட்டி தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலுக்கு வாசலில் போய்க் கேட்டபோது, பதில் தேவையில்லாத கடிதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில், பைண்ட் செய்த அந்தக் குறிப்புப் புத்தகத்தோடு டேவிக்கே எழுதினார். டேவி கூப்பிட்டுப் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கொடுத்த அறிவுரை என்ன தெரியுமா? பைண்டிங்கையே பார்த்துக்கொள் என்பதுதான்! இன்ஸ்டிடியூஷனின் பைண்டிங் வேலையை வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

1813 பிப்ரவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு அடிதடி. உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டேவிக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தது. மார்ச் 1-ஆம் தேதி ஃபாரடே சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, எரிக்கக் கரி, மெழுகுவர்த்தி. குடுவை கழுவுவதும் சொற்பொழிவுக்குச் சாமான் எடுத்து வைப்பதும்தான் வேலை.

இனி நேராக ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பா கிளம்பினார். அவருடைய வேலைக்காரர் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட, பாரிஸில் வேறு ஆள் பிடிக்கும் வரை அந்த வேலையையும் ஃபாரடே பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஆள் கிடைக்கவே இல்லை! ஒரு பக்கம் ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்க்கிறார், அயோடின் சோதனைக்குக் கை கொடுக்கிறார். இன்னொரு பக்கம் டேவியின் மனைவி அவரை ஏவலாளாகவே நடத்துகிறார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நண்பர் அபட்டுக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். ஆனாலும் 1815 வரை தாக்குப்பிடித்தார். அந்தப் பயணம்தான் அவருடைய காலேஜ் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாஸ்டல் சாப்பாடு போல கசப்பும் சேர்த்து!

1821-இல் பாதரசக் கிண்ணத்தில் மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓட வைத்தார். நம் மெஷின்ஸ் லேபில் சுற்றும் எல்லா மோட்டாருக்கும் அதுதான் கொள்ளுத் தாத்தா. உடனே, ஓலாஸ்டன் என்ற பெரியவரின் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று ஒரு பழி கிளம்பியது. 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, அப்போது தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். கைதூக்கிவிட்டவரே எதிரில் நின்றால் எப்படி இருந்திருக்கும்!

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையம், இரண்டு பக்கமும் கம்பிச் சுற்று. ஒரு சுற்றில் பேட்டரியை இணைத்த நொடியில் மறு சுற்றோடு சேர்ந்திருந்த காந்த ஊசி அசைந்தது, பிறகு நின்றது. இணைப்பை எடுத்ததும் மறுபடி அசைந்தது. மின்னோட்டம் மாறும்போது மட்டுமே விளைவு வருகிறது என்பது பிடிபட்டது. டிரான்ஸ்பார்மர் டிசி-யில் ஏன் வேலை செய்யாது என்று வைவாவில் கேட்பார்களே, அதற்குப் பதில் அந்த ஊசிதான். அக்டோபரில் காந்தத்தின் நடுவே செம்புத் தட்டைச் சுற்றித் தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தார். முதல் ஜெனரேட்டர் அது.

கணக்கு மட்டும் கடைசி வரை வரவில்லை. அவர் வரைந்த விசைக்கோடுகளைச் சமன்பாடாக்கியது மேக்ஸ்வெல். 1857-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் கண்ட முடிவைச் சாதாரண வார்த்தையிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டிருக்கிறார் ஃபாரடே. எம்-2 அரியர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். அதற்காகப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள்!

ஆக்ஸ்போர்டு 1832-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சர் பட்டம் வேண்டாம் என்றார், ராயல் சொசைட்டி தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25-இல் காலமானார். ஹைகேட் கல்லறையில் அவர் பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும்தான். டேவிக்கு அனுப்பிய அந்தக் குறிப்புப் புத்தகம், அவர் கைப்பட பைண்ட் செய்தது, ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது.