அங்கி போட்ட பிரதமர்

டிரான்சில்வேனியா என்றாலே நமக்கு டிராகுலாதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஸ்லைடு ரெடி பண்ண வேண்டிய ஒரு ராத்திரி, வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு விக்கிப்பீடியாவில் சுத்திக்கிட்டு இருந்தேன். அப்போது அதே மண்ணில் பிறந்த இன்னொருத்தர் கண்ணில் பட்டார். நீளமான தாடி, பாதிரியார் அங்கி. போட்டோவுக்குக் கீழே பதவி: ருமேனியாவின் பிரதமர். ஸ்லைடு அப்படியே கிடந்தது. இவர் கதையைத்தான் படித்தேன்.

அவர் பெயர் மிரோன் கிறிஸ்டியா. 1868-இல் தொப்லிட்சா என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எலியே. அப்போது டிரான்சில்வேனியா ருமேனியாவில் இல்லை. ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் ஒரு பகுதி. அங்கே அதிகம் பேர் பேசியது ருமேனிய மொழி, ஆனால் ஆட்சி ஹங்கேரியர் கையில். அரசாங்க வேலை, மேல்படிப்பு எல்லாவற்றுக்கும் ஹங்கேரிய மொழி வேணும். ருமேனிய மொழியில் சொல்லிக்கொடுத்த பள்ளிகளைப் பெரும்பாலும் திருச்சபைகள்தான் நடத்தின. அதனால் அங்கே ஒரு பாதிரியார் என்றால் பூசை செய்பவர் மட்டும் இல்லை. மொழிக்கும் அவர்தான் காவல்.

கிறிஸ்டியா இறையியல் படித்தார். பிறகு புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் 1895-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? ருமேனிய மொழியின் பெருங்கவிஞர் எமினெஸ்கு. தன் மொழிக் கவிஞரைப் பற்றி, ஆள்பவர்களின் தலைநகரில் உட்கார்ந்து ஆய்வு செய்திருக்கிறார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதப் பழகும் எனக்கு, இந்த இடத்தில் அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

1902-இல் துறவியானபோதுதான் மிரோன் என்ற பெயர் வந்தது. 1910-இல் கரான்செபெஷ் நகரின் ஆயர் ஆனார். எட்டே வருடத்தில் உலகப்போர் முடிந்து பேரரசு நொறுங்கியது. 1918 டிசம்பர் 1 அன்று டிரான்சில்வேனியாவின் ருமேனியர்கள் ஆல்பா யூலியா நகரில் கூடி, ருமேனியாவோடு இணைவதாக அறிவித்தார்கள். அந்த முடிவை புக்கரெஸ்ட் போய் அரசர் ஃபெர்டினாண்டிடம் கொடுத்த குழுவில் கிறிஸ்டியாவும் ஒருவர். ஐம்பது வருடம் இன்னொருத்தர் நாட்டில் வாழ்ந்தவருக்கு, கடைசியில் சொந்த நாடு கிடைத்தது.

அதன்பின் வேகமான ஏற்றம். புது நாட்டின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குத் தலைவரானார். 1925-இல் அந்தத் திருச்சபைக்கு முதல் பேட்ரியார்க், அதாவது முதுபெரும் தந்தை ஆனார். 1927-இல் ஃபெர்டினாண்ட் இறந்தபோது, அரியணைக்கு வந்த பேரன் மிஹாய்க்கு வயது ஐந்து. மிஹாயின் அப்பா கரோல் முன்பே அரச உரிமையைத் துறந்துவிட்டு வெளிநாட்டில் இருந்தார். குழந்தை ராஜாவுக்குப் பதிலாகப் பொறுப்பைப் பார்க்க மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் ஒருவர் கிறிஸ்டியா. 1930 ஜூனில் கரோல் திடீரென்று விமானத்தில் வந்து இறங்கி, மகனை இறக்கிவிட்டுத் தானே ராஜாவானார். குழு கலைந்தது.

இங்கே நாட்டின் நிலைமையைச் சொல்லணும். புது ருமேனியா பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. ஆனால் மக்கள்தொகையில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் ருமேனியர் அல்லாதவர்கள். யூதர்கள் மட்டும் ஏழரை லட்சம். அவர்களுக்கு முழுக் குடியுரிமையை உறுதி செய்தது 1923 அரசியலமைப்பு. அதைப் பிடிக்காத கட்சிகள் வளர்ந்தன. அதில் பயங்கரமானது கோட்ரேயானுவின் இரும்புக் காவலர் இயக்கம். கொலைக்கும் அஞ்சாத கூட்டம், ஆனால் பேச்செல்லாம் கடவுள், சிலுவை, புனிதம். பல பாதிரியார்கள் அதில் சேர்ந்தார்கள்.

1937 டிசம்பர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஒன்பது சதவீத ஓட்டு வாங்கிய ஒரு கட்சியின் தலைவர் ஒக்டாவியன் கோகாவை கரோல் பிரதமராக்கினார். கோகா ஒரு கவிஞர், அவரும் டிரான்சில்வேனியாக்காரர். அவர் ஆட்சி 44 நாள்தான். ஆனால் அதற்குள், யூதர்கள் எல்லாரும் தங்கள் குடியுரிமையை ஆவணங்களோடு மறுபடி நிரூபிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

1938 பிப்ரவரி 10 அன்று கரோல் கோகாவை நீக்கிவிட்டு, மொத்த அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டார். அப்போது அவர் பிரதமராக்கியது கிறிஸ்டியாவை. வயது 69. ஏன் ஒரு மதகுரு? எனக்குப் புரிந்த வரையில், எந்தக் கட்சியிலும் இல்லாத, எல்லாரும் கையெடுத்துக் கும்பிடும் ஒரு முகம் ராஜாவுக்குத் தேவைப்பட்டது. கடவுள் பெயரைச் சொல்லி ஆள் சேர்த்த கோட்ரேயானுவுக்கும் அதுவே பதிலடி.

அந்த ஒரு வருடத்தில் நடந்ததைப் பாருங்க. புது அரசியலமைப்புக்கு மக்கள் கருத்து கேட்டார்கள். அதிகாரிகள் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். 'ஆம்' சொன்னவர்கள் 42 லட்சத்துக்கு மேல், 'இல்லை' சொன்னவர்கள் ஐந்தாயிரத்துச் சொச்சம். மார்ச்சில் எல்லாக் கட்சிகளும் கலைக்கப்பட்டன. நவம்பர் கடைசியில், சிறையில் இருந்த கோட்ரேயானுவையும் 13 பேரையும் காவலர்களே கொன்றுவிட்டு, தப்பி ஓடும்போது சுட்டோம் என்று அறிவித்தார்கள். நிஜமான அதிகாரம் ராஜாவிடமும் உள்துறை அமைச்சர் கலினெஸ்குவிடமும்தான் இருந்தது. ஆனால் அரசாங்கத்தின் தலைவர் என்ற பெயர் கிறிஸ்டியாவுக்கு.

கோகாவின் குடியுரிமைச் சட்டமும் ரத்தாகவில்லை. ஊர் ஊராக ஃபைல்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். முடிவில் இரண்டேகால் லட்சம் யூதர்கள் குடியுரிமை இழந்தார்கள். இதில் கிறிஸ்டியா வெறும் பொம்மை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பிரதமராவதற்கு முன்பே, 1937-இல், யூதர்கள் நாட்டைச் சுரண்டுகிறார்கள், வேறெங்காவது போகட்டும் என்ற பொருளில் அவர் வெளிப்படையாகப் பேசியிருந்தார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். சிறுபான்மையாக இருந்தால் எப்படி வலிக்கும் என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை அவர். ஐம்பது வருடம் வாழ்ந்து பார்த்தவர். அந்த வலி, தன் மக்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று கேட்க வைத்தது. நாடு கிடைத்தபின், அதில் இன்னொருத்தருக்கும் அதே வலி இருக்கும் என்று யோசிக்க வைக்கவில்லை. அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று நாம் நம்புகிறோம். அது தானாக நடப்பதில்லை.

1939 மார்ச் 6 அன்று, பிரதமராக இருக்கும்போதே, சிகிச்சைக்குப் போன பிரான்ஸின் கான் நகரில் நிமோனியாவால் இறந்தார். அதன்பின் நடந்ததை அவர் பார்க்கவில்லை. பின்னாளில் வந்த அந்தோனெஸ்கு ஆட்சியில் ருமேனியாவின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

2010-இல் ருமேனிய தேசிய வங்கி அவர் உருவம் பதித்த வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. யூத அமைப்புகளும் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் எதிர்ப்புத் தெரிவித்தன. திருச்சபையைக் கட்டி எழுப்பியவர் என்பதற்காகத்தான் நாணயம் என்றது வங்கி, திரும்பப் பெறவில்லை. அவர் திருச்சபையைக் கட்டியது உண்மைதான். ஆனால் அந்த நாணயத்தைக் கையில் எடுக்கும் ஒருவருக்கு, தாத்தாவின் குடியுரிமை ஃபைல் ஞாபகம் வந்தால், அதுவும் உண்மைதானே?