ஒரே ஊதலில் மூணு சுரம்! யார் இந்த ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப்?

டிராம்போனில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆனால் ஜெர்மனியின் ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப் வாசித்தால் மூணு, நாலு சுரம் சேர்ந்தே கேட்கும்!

1928இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். ஜாஸ் பைத்தியம் அண்ணன் எமிலிடமிருந்து தொற்றியது. ஆனால் அது ஹிட்லர் காலம். நாஜிகளுக்கு ஜாஸ் என்றாலே ஆகாது. எமிலை கெஸ்டபோ கைது செய்தது. பிறகு போர்முனைக்கு அனுப்பப்பட்ட அவர், சோவியத் போர்க்கைதியாக இருந்து 1949இல்தான் வீடு திரும்பினார்.

தம்பி ஆல்பர்ட், வயலின், கிட்டார் எல்லாம் வாசித்துப் பார்த்துவிட்டு 1948 வாக்கில்தான் டிராம்போனைக் கையில் எடுத்தார். லேட்தான். ஆனாலும் பத்தே வருஷத்தில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா மேடை!

1960களில் சொந்தமாக ஐவர் குழு. 1964இல் கோத்தே இன்ஸ்டிட்யூட் சார்பில் அந்தக் குழுவோடு ஆசியாவைச் சுற்றினார். அதையொட்டி வந்த ஆல்பத்தில், 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு ரவிசங்கர் போட்ட மெட்டும் ஜாஸாக மாறியிருக்கும்.

சரி, அந்த மூணு சுர வித்தை எப்படி? ஒரு சுரத்தை ஊதிக்கிட்டே இன்னொன்றைத் தொண்டையில் பாடுவார். ரெண்டும் குழாய்க்குள் கலக்கும்போது கூடுதல் சுரங்கள் தானாகப் பிறக்கும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கை ஒட்டிய மேடையில் குழுவே இல்லாமல் தனியாளாக வாசித்தார். எந்த இசைக்காக அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்களோ, அதே இசை. அதே ஜெர்மனி.

1995இல் பெர்லின் ஜாஸ் விழாவின் இயக்குநரானார். 2005 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே காலமானார். சாக்ஸபோன் கலைஞரான அண்ணன் எமில், 2022இல் 96 வயதில் மறைந்தார்.