வெடியை அடக்கியவர்: ஆல்ஃபிரட் நோபலின் வாழ்வும் உயிலும்

ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் நோபல் பரிசுகள் வழங்கப்படுகின்றன. ஆல்ஃபிரட் நோபல் 1896ஆம் ஆண்டில் மறைந்த நாள் அது. பரிசின் புகழ் அதை ஏற்படுத்தியவரின் வாழ்வைப் பெரிதும் மறைத்துவிட்டது. அழிவுப் பொருளில் ஈட்டிய பணத்தை அறத்துக்கு அளித்துப் பாவம் தீர்த்துக்கொண்ட வணிகர் என்பதே அவரைப் பற்றிப் பரவலாக நிலவும் சித்திரம்.

இது முழுப் பொய் அன்று. முழு உண்மையும் அன்று. அவரது செல்வத்தின் பெரும்பகுதி போர்க்களங்களிலிருந்து வரவில்லை. சுரங்கங்களிலிருந்தும் கல்லுடைப்பிலிருந்தும் மலைக் குடைவுகளிலிருந்தும் வந்தது. கட்டுக்கடங்காத ஒரு பொருளை, மனிதர் விரும்பும் கணத்தில் மட்டும் வெடிக்கச் செய்வதே அவரது வாழ்நாள் பணியாக இருந்தது. அதில் அவர் வென்றார். ஆனால் அந்தக் கணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பது அவர் கையில் இருக்கவில்லை.

கடனில் தொடங்கிய வாழ்வு

ஆல்ஃபிரட் நோபல் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பொறியாளரான அவரது தந்தை இம்மானுவேல் அதே ஆண்டில் திவாலானார். கடன்காரர்களின் நெருக்குதலால் 1837இல் சுவீடனை விட்டு வெளியேறிய அவர், பின்னர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொழில் தொடங்கினார். 1842இல் குடும்பமும் அங்கு சென்று சேர்ந்தது.

ஜார் மன்னரின் கடற்படைக்காக இம்மானுவேல் தயாரித்த கடற்கண்ணிவெடிகள், 1853 முதல் 1856 வரை நடந்த கிரைமியப் போரின்போது பின்லாந்து வளைகுடாவில் இடப்பட்டன. போர் முடிந்ததும் அரசின் கொள்முதல் நின்றது. தொழிற்சாலை மீண்டும் நொடித்தது. அரசு ஒன்றையே வாடிக்கையாளராக நம்பும் தொழிலின் நிலை எத்தகையது என்பதை மகன் இளமையிலேயே கண்டார்.

ஆல்ஃபிரட் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறவில்லை. தனி ஆசிரியர்களிடம் பயின்ற அவர் சுவீடிய மொழி, ரஷ்யம், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். பிற்காலத்தில் பல நாடுகளில் ஒரே வேளையில் தொழில் நடத்த இது அவருக்குப் பெரிதும் உதவியது.

ஒரு திரவமும் பல மரணங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ரயில் பாதைகளையும் சுரங்கங்களையும் பெருவேகத்தில் அமைத்துவந்தன. பாறையைத் தகர்க்கப் பல நூற்றாண்டுப் பழமையான கரி வெடிமருந்தே அப்போதும் பயன்பட்டது. 1847இல் இத்தாலியின் டுரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த நைட்ரோகிளிசரின் அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்தவரே அதைக் கண்டு அஞ்சினார். வேண்டும்போது வெடிக்க மறுப்பதும், வேண்டாதபோது வெடித்துவிடுவதும் அந்தத் திரவத்தின் இயல்பாக இருந்தது.

இச்சிக்கலின் முதல் பாதியை நோபல் 1863ஆம் ஆண்டு முதல் அடுத்த இரு ஆண்டுகளில் தீர்த்தார். நெருப்பால் பற்றவைப்பதற்குப் பதிலாக, ஒரு சிறு வெடிப்பின் அதிர்ச்சியால் பெரிய வெடிப்பைத் தூண்டலாம் என்று அவர் காட்டினார். டைனமைட்டைவிட இந்தத் தூண்டு குப்பியே அவரது முதன்மையான கண்டுபிடிப்பு என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உள்ளனர்.

இரண்டாவது பாதிக்கு அவரது குடும்பமே விலை கொடுத்தது. 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்டாக்ஹோமின் ஹெலெனெபோரி பகுதியிலிருந்த பட்டறை வெடித்துச் சிதறியது. இருபது வயதுத் தம்பி எமிலும் வேறு சிலரும் உயிரிழந்தனர். நகர எல்லைக்குள் இத்தகைய சோதனைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. நோபல் நிறுத்தவில்லை, மேலாரென் ஏரியில் மிதந்த ஒரு படகுக்குத் தம் வேலையை மாற்றிக்கொண்டார். சில வாரங்களில் நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். விற்பனை பெருகியது; விபத்துகளும் பெருகின.

1866ஆம் ஆண்டு ஏப்ரலில் பனாமாவின் அஸ்பின்வால் துறைமுகத்தில் நைட்ரோகிளிசரின் ஏற்றிவந்த கப்பல் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அதே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் சரக்கு அலுவலகம் ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் மேலும் பலர் பலியாகினர். இவர்களுள் பலருக்குத் தங்கள் அருகிலிருந்த பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்பதே தெரியாது. அரசுகள் கட்டுப்பாடுகளையும் தடைகளையும் விதிக்கத் தொடங்கின.

அந்த நெருக்கடியின் விளைவே டைனமைட். ஜெர்மனியில் கிடைத்த கீசல்கூர் என்னும் நுண்துளைகள் நிறைந்த படிவு மண்ணில் திரவத்தை ஊறவைத்தால், கையில் எடுத்துச் செல்லக்கூடிய பசை போன்ற பொருள் கிடைப்பதை நோபல் கண்டார். 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆண்டில் வெறும் 11 டன்னாக இருந்த உற்பத்தி, 1874இல் 3,120 டன்னை எட்டியது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1872 முதல் 1882 வரை அமைக்கப்பட்ட 15 கிலோமீட்டர் நீளமான கொத்தார்ட் ரயில் சுரங்கத்தில் டைனமைட் பெருமளவில் பயன்பட்டது. 1875இல் அவர் உருவாக்கிய வெடி ஜெலட்டின், அதனினும் ஆற்றல் மிக்கதாகவும் நீர் புகாததாகவும் இருந்தது. தமிழகத்தின் கல் குவாரிகளில் புழங்கும் ஜெலட்டின் குச்சி என்ற சொல்லின் வேர் இங்குதான் இருக்கிறது.

கைமாறிய கருவி

பாறைக்காகச் செய்யப்பட்ட பொருள் விரைவிலேயே அரசியலுக்குள் நுழைந்தது. 1880இல் ரஷ்யப் புரட்சியாளர்கள் ஜாரின் குளிர்கால அரண்மனையை டைனமைட் கொண்டு தகர்க்க முயன்றனர். அடுத்த ஆண்டு இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். 1880களின் முற்பகுதியில் ஐரிஷ் ஃபெனியன் இயக்கத்தினர் லண்டனில் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். பிரிட்டன் 1883இல் வெடிபொருட்களுக்கு எதிராகக் கடுமையான சட்டம் இயற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவின் வெடிபொருள் சட்டம் 1884இல் வந்தது. சிறு குழுக்களும் ஓர் அரசை அச்சுறுத்த முடியும் என்ற நிலை நவீன அரசியலில் உருவானது அக்காலத்தில்தான்.

போருக்கான வெடிமருந்தில் நோபல் நேரடியாக இறங்கியது பின்னர்தான். 1887இல் அவர் பாலிஸ்டைட் என்னும் புகை குறைந்த துப்பாக்கி மருந்தை உருவாக்கினார். தமக்கெனச் சொந்தத் தயாரிப்பு ஒன்றை வைத்திருந்த பிரான்ஸ் அதை ஏற்கவில்லை, இத்தாலி வாங்கியது. பாரிசில் நெடுங்காலம் வாழ்ந்த அவரைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் உளவாளி என்று தூற்றின. அவரது ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 1891இல் அவர் இத்தாலியின் சான் ரெமோ நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பிரிட்டனில் வேறுவித ஏமாற்றம் காத்திருந்தது. அவர் தகவல் பரிமாறிவந்த அரசுக் குழுவைச் சேர்ந்த அறிஞர்கள் இருவர், பாலிஸ்டைட்டை ஒத்த கார்டைட்டுக்குத் தாங்களே காப்புரிமை பெற்றனர். நோபல் தொடுத்த வழக்கு 1895இல் பிரபுக்கள் சபையில் தோல்வியுற்றது. மூலப்பொருள் கரையும் வகை என்று அவரது காப்புரிமையில் எழுதியிருந்த ஒரு சொல்லே அவருக்கு எதிராகத் திரும்பியது. 1904இல் நீலகிரியின் அரவங்காட்டில் தொடங்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, அந்தச் சர்ச்சைக்குரிய பொருளின் பெயரைத் தாங்கியே நிற்கிறது.

கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு, அரசுகளின் பாதுகாப்பு நலன்கள் குறுக்கிடும் இடத்தில் எவ்வளவு மெலிந்தது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின. 1894இல் சுவீடனின் போஃபோர்ஸ் ஆலையை வாங்கிய நோபல், வாழ்வின் இறுதியில் பீரங்கி உற்பத்தியாளராகவும் இருந்தார் என்பதையும் மறப்பதற்கில்லை.

உயில்

1888இல் அண்ணன் லுட்விக் இறந்தபோது, ஆல்ஃபிரட் இறந்ததாக எண்ணிப் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று இழிவாக எழுதியதும், அதைப் படித்த அதிர்ச்சியே பரிசுக்குக் காரணமானதும் பலமுறை சொல்லப்படும் கதை. ஆனால் இறுதி உயில் எழுதப்பட்டது அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின். ஒரேயொரு செய்தித் துணுக்கைவிட, ஆஸ்திரியாவைச் சேர்ந்த பெர்த்தா ஃபான் சுட்னருடனான நீண்ட உரையாடலே அதில் கூடுதல் பங்கு வகித்திருக்க வேண்டும்.

1876இல் மிகச் சில நாட்களே நோபலின் செயலாளராகப் பணிபுரிந்த அந்தப் பெண்மணி, பின்னாளில் ஐரோப்பிய அமைதி இயக்கத்தின் முதன்மைக் குரலானார். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. கருத்து வேறுபாடும் தொடர்ந்தது. மக்கள் அணிதிரண்டால் போரை ஒழிக்கலாம் என்பது பெர்த்தாவின் நம்பிக்கை. ஆயுதங்கள் தாங்கொணாக் கொடுமை பெறும் நாளில் அரசுகள் தாமாகவே போரைக் கைவிடும் என்பது நோபலின் கணிப்பு. அவர் மறைந்து 18 ஆண்டுகளில் மூண்ட முதல் உலகப் போர் அக்கணிப்பைப் பொய்யாக்கியது.

ஆயினும் உயிலை எழுதியபோது நோபல் தம் கணிப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. மணம் புரியாதவரும் பிள்ளைகள் இல்லாதவருமான அவர், 1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி பாரிசில் அதில் கையெழுத்திட்டார். வழக்கறிஞரின் துணையின்றித் தாமே எழுதிய ஆவணம் அது. இதய நோயால் வருந்திய அவருக்கு மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினையே மருந்தாகப் பரிந்துரைத்ததும் அக்காலத்தில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் சான் ரெமோவில் அவர் உயிர் பிரிந்தது.

சுமார் 3 கோடியே 10 லட்சம் குரோனர் மதிப்புள்ள சொத்தின் பெரும்பகுதி பரிசுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததை அறிந்த உறவினர்கள் சிலர் எதிர்த்தனர். நாட்டின் செல்வம் அயலாருக்குப் போவதை மன்னர் இரண்டாம் ஆஸ்கரும் விரும்பவில்லை. அமைதிப் பரிசைத் தேர்வு செய்யும் பொறுப்பு, சுவீடனுடன் முரண்பட்டுவந்த நார்வேயின் நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்டது மேலும் எரிச்சலூட்டியது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ராக்னர் சோல்மன் இத்தடைகளைக் கடக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நோபல் அறக்கட்டளை 1900இல் அமைந்தது. 1901இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. 1905இல் அமைதிப் பரிசைப் பெற்றவர் பெர்த்தா ஃபான் சுட்னர்.

நோபல் தம் பெயரில் 355 காப்புரிமைகளை விட்டுச் சென்றார். அவை ஒவ்வொன்றும் ஒரு பொருளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று சொல்பவை. அதைக் கையாளும் மனிதரைக் கட்டுப்படுத்தும் வழி எதுவும் அவற்றில் இல்லை. அவரது உயிலைப் பாவமன்னிப்பாகக் காண்பதைவிட, அந்தக் குறையை உணர்ந்த ஒருவரின் இறுதி முயற்சியாகக் காண்பதே பொருந்தும். அணுவைப் பிளந்தவர்களும் அதன்பின் வந்த பல துறைகளின் விஞ்ஞானிகளும் எதிர்கொண்ட கேள்வி அதுவே. தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிப்பவர் அதன் பயனுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாவார் என்பதற்கு நோபல் விடை தரவில்லை. அக்கேள்வியைத் தம் சொத்தோடு சேர்த்து உலகுக்கு விட்டுச் சென்றார்.